கணிப்பொறிக்கு மணி சொல்வது யார்?

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுது. இராஜபாளையத்தில் ஒரு சிறிய கணிப்பொறி நிலையத்தில் என் தமக்கையின் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், படிப்பது இராஜபாளையத்தில். ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் அனுப்பவேண்டிய கடைசி நாள் அது. மாலை 5 மணியோடு வாயில் அடைபடும் என்பது அறிவிப்பு. எல்லாவற்றையும் நிரப்பி முடித்தபோது திரையின் மூலையில் மணி 4.56. இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறதே என்று, தந்தையார் பெயரின் எழுத்துகளை மறுபடியும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். காலம் கடந்துவிட்டது என்று விடை வந்தது. பதறிப்போய்க் கைப்பையிலிருந்த தொலைபேசியை எடுத்துப் பார்த்தாள். அதில் மணி 5.02.

அந்த ஆண்டின் உதவித்தொகை போயிற்று. அன்றிரவு அழுகை ஓய்ந்தபின் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே: "மாமா, இரண்டும் எந்திரந்தானே? எது சொன்ன மணி சரி? சரி என்று சொன்னவர் யார்?"

மாணவ நண்பர்களே, அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடையைத்தான் சற்று விரிவாக இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

கணிப்பொறியின் உள்ளே குவார்ட்ஸ் படிகத் துண்டு ஒன்று இருக்கிறது. மின்சாரம் பட்டால் அது விநாடிக்கு 32,768 முறை அதிரும்படி அறுத்து அமைத்திருக்கிறார்கள். இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் பதினைந்தாவது படியில் கிடைக்கும் எண் இது. ஆகவே அதிர்வுகளைப் பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். கணிப்பொறியை அணைத்த பிறகும் காசளவுள்ள ஒரு மின்கலம் இந்தப் படிகத்தை அதிரச் செய்துகொண்டே இருக்கும். ஆனால் படிகம் உலோகத்தைப் போலவே வெப்பத்துக்கு ஆட்பட்டது. ஏறத்தாழ 25 பாகை செல்சியசில் ஒழுங்காக நடப்பது, அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் சற்று மந்தமாகும். சித்திரை வெயிலில், கூரை தாழ்ந்த ஒரு கடைக்குள், அது என்ன பாடுபடும் என்று நம் பக்கத்து மக்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

சாதாரணப் படிகத்தில் பத்து லட்சத்துக்கு இருபது பங்கு பிழை இருப்பது இயல்பு. மிகச் சிறிய பிழையாகத்தான் தோன்றுகிறது. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. கணக்கிட்டுப் பாருங்கள், நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் விநாடி பிசகும். ஆறு மாதம் யாரும் கவனியாமல் விட்டால் ஐந்து நிமிடம். நான் அந்தக் கடைக்குப் போய் விசாரித்தபோது, கணிப்பொறி தானாக நேரம் திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டை ஏதோ பழுது பார்க்கையில் நிறுத்தியதாகவும், நிறுத்தி அரை ஆண்டு இருக்கும் என்றும் தெரிந்தது. கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நம்மில் எத்தனை பேர் அதைப் பார்க்கிறோம்?

சரியான மணி எது என்ற கேள்விக்கு வருவோம். சூரியனைக் கேட்டால் ஊருக்கொரு மணி சொல்வான். இராஜபாளையம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சற்றே மேற்கே இருப்பதால், ஆண்டாள் கோயில் கோபுரத்துக்கு மேல் உச்சிக்கு வந்த சூரியன் இராஜபாளையத்தின் உச்சியைத் தொடச் சுமார் இருபது விநாடி ஆகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இத்தனை வேறுபாடு. புகைவண்டியும் தந்தியும் வந்தபின் இது ஒத்துவருமா? 1792-இல் சென்னையில் எழுந்த வானாராய்ச்சி நிலையத்தின் நேரத்தை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாட்டின் இருப்புப்பாதைகள் பொதுவாகக் கொண்டன. பிறகு 1906 ஜனவரி முதல் நாளிலிருந்து, கிழக்கு 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு, கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய இந்திய நேரம் வந்தது. அதனால்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் சராசரியாகக் கடிகாரம் 12.20 அளவில் காட்டும்போதே சூரியன் உச்சிக்கு வருகிறான்.

இன்று அந்த நேரத்தைக் காத்து வருவது புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே சீசியம் அணுக்கடிகாரங்கள் இருக்கின்றன. சீசியம் அணுவோடு தொடர்புடைய ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிரும் காலமே ஒரு விநாடி என்று 1967-இல் உலக நாடுகள் வரையறுத்தன. அணுவுக்குச் சித்திரையும் இல்லை, மார்கழியும் இல்லை.

சரி, சரியான நேரம் தில்லியில் இருக்கிறது. கணிப்பொறி இராஜபாளையத்தில் இருக்கிறது. ஒன்றை மற்றொன்றுக்கு எப்படிக் கொண்டுவருவது? கேட்டுச் சொன்னால் போயிற்று என்று தோன்றும். இங்கேதான் சிக்கல்.

நம் வட்டாரத்துக்கு ஒரு பழஞ்செய்தி உண்டு. மதுரையில் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு வழிபாடு முடிந்தது என்று அறிந்த பின்னரே உணவு கொள்வாராம். அதற்காக வழிநெடுக மண்டபங்கள் கட்டி, ஒரு மண்டபத்து ஒலியைக் கேட்டு அடுத்த மண்டபத்தார் ஒலி எழுப்ப, அவ்வொலி மதுரை வரை சென்று சேருமாம். வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி இது. நாம் இதைக் கணக்காகப் பார்ப்போம். இடையிலுள்ள தொலைவு ஏறக்குறைய 75 கிலோமீட்டர். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வது. காற்றில் கடக்கவே மூன்றரை நிமிடத்துக்கு மேலாகும். ஒவ்வொரு மண்டபத்திலும் காவலர் கேட்டு, எழுந்து, அடிக்கும் நேரம் தனி. ஒருவர் கண்ணயர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். மன்னர் காதில் விழும்போது அந்தச் செய்தி பழையதாகிவிட்டது. எவ்வளவு பழையது என்பதை அவர் அறிய வழியில்லை. ஏனென்றால் ஒலி ஒரு பக்கமாகவே வந்தது.

பசிக்கு அதனால் குறைவில்லை. ஆனால் கடிகாரத்துக்கு அந்தத் தாமதமே பிழை. வானொலி நேயர்கள் இதை வீட்டிலேயே காணலாம்: ஒரே நிகழ்ச்சியை வானொலிப் பெட்டியிலும் தொலைபேசியின் இணைய வழியிலும் ஒரே சமயத்தில் வைத்துக் கேளுங்கள். இணைய வழியில் வருவது பல விநாடி பின்தங்கி வரும்.

தாமதத்தை ஒழிக்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும், தில்லியிலிருந்து இங்கு வர ஆயிரத்தில் பத்துப் பங்கு விநாடியாவது ஆகும். வழியில் உள்ள கருவிகளில் காத்து நிற்பது இன்னும் அதிகம். ஒழிக்க முடியாததை அளந்துவிடலாம் என்பதுதான் இதில் கண்ட உபாயம்.

இராஜபாளையத்தில் இருக்கும் நான், ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள நண்பரிடம் ஒரு பையனைப் பேருந்தில் அனுப்புகிறேன். என் கடிகாரத்தில் அவன் புறப்பட்டது 10.00. நண்பர் தம் கடிகாரத்தைப் பார்த்து, வந்தது 10.37, திருப்பி அனுப்பியது 10.40 என்று சீட்டில் எழுதுகிறார். அவன் என்னிடம் திரும்பும்போது என் கடிகாரத்தில் 11.03. மொத்தம் 63 நிமிடம். நண்பர் வீட்டில் பால்கோவா தின்ற 3 நிமிடம் போக, வழியில் கழிந்தது 60. போகப் பாதி, வரப் பாதி என்று கொண்டால் அவன் அங்கே சேர்ந்தது என் கணக்கில் 10.30. நண்பர் கடிகாரமோ 10.37 என்கிறது. ஆக, என் கடிகாரம் ஏழு நிமிடம் பிந்தியிருக்கிறது. நான்கு நேரங்கள்தாம், ஒரு கழித்தல், ஒரு பாதியாக்கல். இரு கடிகாரங்களும் முன்கூட்டி ஒத்திருக்கவேண்டும் என்ற தேவையே இல்லை.

"போகப் பாதி, வரப் பாதி" என்றேனே, அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். போகும்போது 20 நிமிடமும், திரும்பும்போது ரயில்வே கேட் அடைத்திருந்து 40 நிமிடமும் ஆகியிருந்தால், என் விடை பத்து நிமிடம் தவறு. அத்தவறு சீட்டில் எங்கும் தெரியாது. எனினும் எவ்வளவு மோசமானாலும் பிழை மொத்தப் பயணத்தின் பாதிக்கு மேல் போகாது. பயணம் குறுகக் குறுகப் பிழையும் குறுகும். ஆகவே பையனைப் பலமுறை அனுப்பி, மிக விரைவில் திரும்பிய பயணத்தின் சீட்டை நம்புவதே அறிவுடைமை.

கணிப்பொறிகளுக்கு இம்முறையை ஒழுங்குபடுத்தித் தந்தவர் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். 1985-இல் அவர் வெளியிட்ட விதிமுறைக்கு என்.டி.பி. என்று பெயர். 2024-இல் அவர் காலமானார். அணுக்கடிகாரத்தை நேரே கேட்கும் நேர வழங்கிகள் முதல் படியில் நிற்கும். அவற்றைக் கேட்பவை இரண்டாம் படி. இப்படியே இறங்கி வரும். கேட்கும் கணிப்பொறி கடைசி எட்டு விடைகளில் குறைந்த தாமதமுடையதை எடுக்கும். ஒரு வழங்கியை மட்டும் கேட்டு ஏமாறாமல் பலவற்றைக் கேட்டு, மற்றவற்றோடு ஒத்துப்போகாத பொய்க் கடிகாரத்தைத் தள்ளிவிடும்.

பிழை தெரிந்தவுடன் முள்ளைத் தள்ளிவிடலாமா? சிறு பிழையானால் தள்ளுவதில்லை. பஞ்சாலையில் நூல் மூட்டை எடை போட்டது 4.10, வண்டியில் ஏற்றியது 4.09 என்று பதிவானால், எடை போடுமுன்பே ஏற்றியதாகிவிடும். அதனால் கடிகாரத்தைப் பின்னே தள்ளாமல், சரியான நேரம் வந்து சேரும்வரை மெல்ல நடக்க வைப்பார்கள். விநாடிக்கு ஆயிரத்தில் அரைப் பங்குக்கு மேல் மாற்றுவதில்லை. பத்தில் ஒரு பங்கு விநாடியைத் திருத்தவே மூன்று நிமிடத்துக்கு மேலாகும். பிழை ஆயிரம் விநாடிக்கு மேற்பட்டாலோ, பழைய என்.டி.பி. செயலி எதையும் தொடாது விலகிக்கொள்ளும். மனிதர் வந்து பார்க்கட்டும் என்பது அதன் எண்ணம். மின்கலம் தீர்ந்து, ஆண்டே பல ஆண்டு பின்னால் போய்விட்ட கணிப்பொறிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் வங்கித் தளங்கள் திறவாமல் அடம்பிடிக்கும். தளத்தின் நற்சான்று இன்னும் பிறக்கவேயில்லை என்று கணிப்பொறி நினைத்துக்கொள்வதுதான் காரணம்.

2022 ஏப்ரல் 28-இல் நம் நாட்டின் கணிப்பொறிப் பாதுகாப்புக் குழு, இணையச் சேவை தருவோரும் நிறுவனங்களும் தேசிய இயற்பியல் ஆய்வகம் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் நேர வழங்கிகளோடு, அல்லது அவற்றோடு ஒத்த வழங்கிகளோடு, தம் கடிகாரங்களை இணைக்கவேண்டும் என்று பணித்தது. ஒரு குற்றத்தை ஆராயும்போது பத்துக் கணிப்பொறிகளின் பதிவுகள் பத்து நேரம் சொன்னால் எது முந்தியது, எது பிந்தியது?

என் தமக்கை மகள் மறு ஆண்டு விண்ணப்பித்தாள், இம்முறை காலையிலேயே. அதே கடைக்குத்தான் போனாள். கணிப்பொறியின் தானியங்கி ஏற்பாட்டை அவளே திருப்பிவிட்டிருந்தாள். திரையின் மணியும் அவள் தொலைபேசியின் மணியும் ஒன்றாகவே மாறின. சுவர்க் கடிகாரம் மட்டும் பத்து நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தட்டுமா என்று கேட்டாளாம். "அதைத் தொடாதேம்மா, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைசிப் பேருந்தைப் பிடிக்க நான்தான் அப்படி வைத்திருக்கிறேன்" என்றாராம் கடைக்காரர்.