துறைமுகம் தோற்ற இடத்தில் ஒரு வெண்பாலம்

எதுவார்தோ மதேரோ வகுத்த திட்டப்படி 1887-இல் வேலை தொடங்கி, பத்தாண்டுக் காலம் பாடுபட்டு, புவெனஸ் ஐரிஸ் நகரின் நதிக்கரையில் நிர்மாணிக்கப்பட்ட துறைமுகம், கட்டி முடிந்த சில வருஷங்களுக்குள்ளேயே, கப்பல்கள் அதன் கொள்ளளவை மிஞ்சி வளர்ந்துவிட்ட காரணத்தினால் பிரயோஜனம் குன்றிப் போயிற்று. வேறொரு திட்டம் கொடுத்து நிராகரிக்கப்பட்டவர் லூயிஸ் உவெர்கோ என்ற எஞ்சினீயர். பின்னாளில் புதிய துறைமுகம் எழுந்தது ஏறக்குறைய அவர் காட்டிய வழியில்தான் என்பது சரித்திரத்தின் வேடிக்கை. நெடுங்காலம் பாழடைந்து கிடந்த செங்கல் கிடங்குகள், 1989-க்குப் பிறகு சீர்திருத்தப்பட்டு, இன்று போஜன சாலைகளாகவும் காரியாலயங்களாகவும் விளங்குகின்றன.

இந்தப் புவெர்தோ மதேரோ பேட்டையில், மூன்றாவது கப்பல்துறையின் குறுக்கே, நடந்து செல்பவர்களுக்கென்றே அமைந்தது 'பெண்மணியின் பாலம்'. ஸ்பெயின் தேசத்துக் கட்டடக் கலைஞர் சந்தியாகோ கலத்ராவாவின் சிருஷ்டியான அது சுமார் 170 மீட்டர் நீளம். இரு கரைகளிலும் அசையாத சிறு பகுதிகள் இருக்க, நடுவேயுள்ள பெரும்பகுதியிலிருந்து ஊசிபோன்ற வெண்கம்பம் ஒன்று சாய்ந்தெழுந்து, கம்பிவடங்களால் நடைதளத்தைப் பிடித்திருக்கிறது. உயர்ந்த பாய்மரத்துடன் படகு வந்தால், அப்பெரும்பகுதி அப்படியே 90 பாகை திரும்பி வழிவிடுகிறது. டாங்கோ ஆடும் ஜோடியின் சாயல் இதில் தெரிகிறதென்று ரசிகர்கள் சொல்வதுண்டு. என் கண்ணுக்கு என்னவோ, தண்ணீர் இறைத்துவிட்டு ஓய்ந்து நிற்கும் ஏற்றத்தின் துலாமரமே தெரிந்தது. பக்கத்தில் நங்கூரமிட்டிருக்கும் 'பிரெசிதென்தே சார்மியென்தோ' என்ற பழைய பயிற்சிக் கப்பலின் கயிற்றுப் பின்னலையும் இந்தக் கம்பி வேலையையும் ஒரே பார்வையில் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைப்பது ஒரு விசேஷ லாபம்.

பாலம் திறக்கப்பட்ட தினம் 2001 டிசம்பர் 20. அன்றுதான், நடந்தே போகக்கூடிய தூரத்திலுள்ள மாயோ சதுக்கத்தில், வங்கிப் பணம் முடக்கப்பட்ட ஆத்திரத்தில் திரண்ட ஜனங்கள்மீது குதிரைப் போலீஸ் பாய்ந்ததும், ஜனாதிபதி தெ லா ருவா ராஜினாமா செய்துவிட்டு ஹெலிகாப்டரில் ஏறிப் போனதும். திறப்பு விழாவை யார் கவனித்திருக்கப் போகிறார்கள்!

பாலத்தின் பெயரில் எந்தப் பெண்மணி என்ற விவரம் இல்லை. அந்தக் குறையை, கரையேறியதும் எதிர்ப்படும் தெருக்கள் தீர்த்து வைக்கின்றன. ஏனெனில் இப்பேட்டையின் வீதிகளுக்குப் பெண்களின் பெயர்களையே சூட்டியிருக்கிறார்கள். ஆகவே, பாலத்தைப் படம் பிடித்த கையோடு திரும்பிவிடும் பிரயாணி பாதி விஷயத்தை விட்டுவிட்டவரே என்பது என் அபிப்பிராயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்விக்காக உழைத்த ஹுவானா மான்சோ, பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய டாக்டர் அலிசியா மொரோ தெ ஹுஸ்தோ ஆகியோரின் பெயர்கள் அங்கே உண்டு. ராணுவ ஆட்சியில் காணாமற்போன மகனைத் தேடிப் புறப்பட்டு, தம்மைப் போன்ற தாய்மார்களை மாயோ சதுக்கத்தில் ஒன்று திரட்டிய அசுசேனா வில்யாஃப்ளோருக்கும் ஒரு வீதி உண்டு. 1977 டிசம்பரில் அவரையும் கடத்திக்கொண்டு போனார்கள். அவருடைய எலும்புகள் அடையாளம் காணப்பட்டது 2005-இல். தெருவின் பெயர்ப் பலகையில் அவர் அதற்கு முன்பே இடம் பெற்றுவிட்டார்.