15,000 பேரில் ஒருவர்... ஹாலிவுட்டில் தமிழ்ப் பொண்ணு! யார் இந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன்?

பூந்தமல்லி தாண்டிப் போனால், செம்பரம்பாக்கத்தில் பெரிய ஷூட்டிங் வளாகமே இருக்கிறது. ஆனால் அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு பொண்ணு "நான் நடிக்கப் போறேன்" என்று சொன்னால், வீட்டில் வரும் முதல் கேள்வி: "சினிமாவுல நமக்கு யாரைத் தெரியும்?"

யாரையுமே தெரியாமல், 17 வயதில் ஒரு ஹாலிவுட் தொடரின் நாயகியானவர் மைத்ரேயி ராமகிருஷ்ணன்.

யார் இவர்?

2001 டிசம்பர் 28-ல் கனடாவின் டொரோண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் பிறந்தவர். இலங்கை உள்நாட்டுப் போரால் அகதிகளாகக் கனடா சென்ற ஈழத்தமிழ்க் குடும்பம். தன்னைத் 'தமிழ் கனடியன்' என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறார். பள்ளி நாடகங்களைத் தவிர, நடிப்பில் முன் அனுபவம் எதுவும் இல்லை.

சான்ஸ் எப்படிக் கிடைச்சது?

2019-ல் நடிகையும் எழுத்தாளருமான மிண்டி கேலிங், தன் புதிய நெட்ஃபிளிக்ஸ் தொடருக்கு நாயகி தேவை என சோஷியல் மீடியாவில் அறிவித்தார். யார் வேண்டுமானாலும் வீடியோ அனுப்பலாம். இதைப் பார்த்த தோழி சொல்ல, இருவரும் உள்ளூர் நூலகம் ஒன்றில் வீடியோ எடுத்து அனுப்பினார்கள். வந்து குவிந்தவை சுமார் 15,000 விண்ணப்பங்கள். மேலும் சில வீடியோக்கள், லாஸ் ஏஞ்சலீஸில் நேரடி ஸ்கிரீன் டெஸ்ட் எனப் பல கட்டங்கள் தாண்டி மைத்ரேயி தேர்வானார். யார்க் பல்கலைக்கழகத்தில் சேரவிருந்த நாடகப் படிப்பைத் தள்ளிவைத்தார்.

அப்படி என்ன தொடர்?

'நெவர் ஹேவ் ஐ எவர்'. 2020 ஏப்ரல் 27-ல் தொடங்கி 2023 ஜூன் 8-ல் முடிந்தது. மொத்தம் 4 சீசன், 40 எபிசோடு. அப்பாவைத் திடீரென இழந்த தேவி விஸ்வகுமார் என்ற அமெரிக்கத் தமிழ்ப் பொண்ணின் கதை. அம்மா நளினியாக பூர்ணா ஜெகந்நாதன், அப்பா மோகனாக செந்தில் ராமமூர்த்தி.

இது ஏன் முக்கியம்?

ஹாலிவுட்டில் இந்திய முகம் என்றால் பல வருஷமாக மளிகைக்கடைக்காரர், டாக்சி டிரைவர், இல்லாவிட்டால் நாயகனின் படிப்பாளி நண்பன். தேவி அப்படியில்லை. கோபப்படுகிறாள், பொய் சொல்கிறாள், காதலில் சொதப்புகிறாள், அப்பாவை நினைத்து உடைந்து அழுகிறாள். 'நல்ல பொண்ணு' வேஷம் கட்டாத ஒரு தமிழ்ப் பொண்ணு கதையின் மையத்தில் நின்றதுதான் இங்கே புதுசு.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தும். தேவியின் குடும்பம் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன தமிழ்க் குடும்பம். மிண்டி கேலிங்கின் அப்பாவும் இந்தியத் தமிழர்தான். அதை நடித்துக்காட்டிய மைத்ரேயியின் குடும்பமோ போரால் துரத்தப்பட்டது. வேலைக்காகவும் படிப்புக்காகவும் விமானம் ஏறுவது வேறு. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஊரை விட்டு ஓடுவது வேறு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் 'சவுத் ஏசியன்' என்ற ஒரே பெட்டிதான்.

இப்போ என்ன செய்கிறார்?

2022-ல் வெளியான பிக்சார் படமான 'டர்னிங் ரெட்'டில் பிரியா கதாபாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார். அதன் கதை நடப்பதும் டொரோண்டோவில்தான். 2025-ல் லிண்ட்சே லோஹன், ஜேமி லீ கர்டிஸ் நடித்த 'ஃப்ரீக்கியர் ஃப்ரைடே'யில் பாப் பாடகி எல்லாவாக வந்தார். தன் பெயரைச் சுருக்காமல் சரியாக உச்சரிக்க வேண்டும் என்பதையும் தொடர்ந்து வலியுறுத்திவருகிறார்.

திறந்த அழைப்பு ஒன்று வந்ததால் 15,000 பேருக்கு ஒரு கதவு தெரிந்தது, ஒருவர் உள்ளே போனார். ஈழத்திலிருந்து கிளம்பிய ஒரு குடும்பத்தின் சொந்தக் கதையில் மைத்ரேயி நாயகியாக நடிக்கும் நாள் வந்தால், அந்தக் கதவு இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கும்.