எழுதாத பாட்டை வாசிக்கும் கிட்டார்!

ஜாஸ் இசை அமெரிக்காவில் பிறந்தது. மற்ற இசைக்கும் அதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு.

குழுவினர் எல்லாரும் சேர்ந்து முதலில் ஒரு பாட்டை வாசிப்பார்கள். பலருக்கும் தெரிந்த பாட்டாக இருக்கும். அது முடிந்ததும் கிட்டார்க்காரர் தனியாக வாசிக்கத் தொடங்குவார்.

இப்போது அவர் வாசிப்பது அந்தப் பாட்டு அல்ல. அதுவரை யாருமே கேட்டிராத புது மெட்டு!

மறுநாள் இதே பாட்டை வாசிப்பார். ஆனால் முதல் நாள் வந்த மெட்டு வராது. வேறொரு மெட்டு வரும்.

அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பார்த்து வாசிக்கத் தாளும் இல்லை. ஆனாலும் பின்னால் வாசிக்கிறவர்களோடு ஓர் இடத்தில்கூட அவர் முட்டிக்கொள்வது இல்லை.

இது எப்படி முடிகிறது? பிறவியிலேயே வரும் வரமா? அல்லது பாடுபட்டுக் கற்றால் வருமா?

கற்றால் வரும் என்பதற்குச் சாட்சி, வெஸ் மாண்ட்கோமரி என்பவரின் வாழ்க்கை.

இசைத்தட்டே வாத்தியார்!

வெஸ், 1923-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி அமெரிக்காவில் உள்ள இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். அண்ணனும் தம்பியும்கூட இசையில் நாட்டம் உள்ளவர்கள்.

அவருக்கு ஏறத்தாழ 20 வயது ஆனபோது கல்யாணம் நடந்தது. அந்தச் சமயத்தில் அவர் ஓர் இசைத்தட்டைக் கேட்டார். கிட்டார் வாசித்தவர் சார்லி கிறிஸ்டியன்.

யார் இந்தச் சார்லி?

அந்தக் காலத்து ஜாஸ் குழுக்களில் கிட்டாருக்குக் கடைசி இடம்தான். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும்போது கிட்டாரின் சத்தம் அமுங்கிப் போகும். கிட்டார்க்காரர் பின்னால் உட்கார்ந்து தாளத்துக்குத் துணையாக மீட்டிக்கொண்டிருப்பார். அவ்வளவுதான்.

சார்லி மின்சாரக் கிட்டாரை எடுத்தார். ஒலிபெருக்கியில் இணைத்தார். டிரம்பெட்டுக்குச் சமமாகத் தனி மெட்டு வாசித்தார். 1939-ல் பென்னி குட்மன் என்ற புகழ் பெற்ற கலைஞரின் குழுவில் சேர்ந்தார். ஆனால் காசநோய் அவரை விடவில்லை. 1942-ல் இறந்தபோது அவருக்கு வயது 25 தான்!

அப்படிப்பட்டவரின் வாசிப்பைக் கேட்டதும் வெஸ் மனதைப் பறிகொடுத்தார். மின்சாரக் கிட்டாரும் ஒலிபெருக்கியும் வாங்கினார்.

சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. இசைக் குறிப்புகளைப் படிக்கவும் அவருக்குத் தெரியாது. இசைத்தட்டுதான் வாத்தியார். கொஞ்சம் கேட்பார். ஊசியைத் தூக்குவார். கேட்டதை வாசித்துப் பார்ப்பார். வராவிட்டால் ஊசியை மறுபடியும் அதே இடத்தில் வைப்பார்.

பகலில் வேலை. ஆகவே வீட்டில் சாதகம் செய்ய இரவில்தான் நேரம். சத்தம் அதிகம் என்று அக்கம்பக்கத்தார் குறைப்பட்டார்கள். வெஸ் என்ன செய்தார்? கம்பியை மீட்டப் பயன்படும் 'பிக்' என்ற சிறு தகட்டைக் கீழே வைத்துவிட்டார். வலது கைக் கட்டை விரலால் மெதுவாக மீட்டினார். சத்தம் குறைந்தது. அதோடு, நாதமும் இழைந்து வந்தது!

பிற்காலத்தில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்தக் கட்டை விரல்தான்.

சரக்கு தீர்ந்தது!

சார்லி வாசித்த மெட்டுகளை ஒரு சுரம்கூடப் பிசகாமல் வெஸ் மனப்பாடம் செய்தார். அந்த ஊர் இரவு விடுதி ஒன்றில் அவருக்கு வேலையும் கிடைத்தது.

மேடை ஏறுவார். சார்லியின் மெட்டை அச்சு அசலாக வாசிப்பார். கேட்பவர்கள் கை தட்டுவார்கள். பிறகு?

பிறகு ஒன்றும் இல்லை. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடுவார். ஏனென்றால், அதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது!

பாடத்தை ஒரு பையன் கடகடவென்று ஒப்பிக்கிறான். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் விழிக்கிறான். வெஸ்ஸின் நிலை அப்படித்தான் இருந்தது. மற்றவர் பேச்சை ஒப்பிக்க முடிந்தது. சொந்தமாகப் பேச வரவில்லை.

அவருக்கு இல்லாதது என்ன? அதைப் புரிந்துகொள்ள, ஜாஸ் பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

சுரங்களின் கூட்டு

சங்கராபரண ராகத்துச் சுரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ச, ரி, க, ம, ப, த, நி. இதில் ச, க, ப என்ற மூன்றையும் ஒரே சமயத்தில் ஒலித்தால் அது ஒரு சுரக்கூட்டு. மேல்நாட்டார் இதைக் 'கார்டு' என்பார்கள்.

ம, த, மேல் ச ஆகியவை சேர்ந்தால் இன்னொரு கூட்டு. ப, நி, மேல் ரி சேர்ந்தால் மற்றொன்று. எந்தச் சுரத்தில் தொடங்குகிறதோ, அதன் பெயரால் 'ச' கூட்டு, 'ம' கூட்டு, 'ப' கூட்டு என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு பாட்டு போகும்போது, பின்னணியில் இந்தக் கூட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும். இந்த வரிசைதான் பாட்டின் எலும்புக்கூடு. பாட்டின் மெட்டு அதன் மேல் போர்த்திய சதை.

ஜாஸ் கலைஞர் சதையை எடுத்துவிடுகிறார். எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் மேல் தம்முடைய மெட்டைக் கட்டுகிறார். எலும்பு எல்லாருக்கும் ஒன்றே. ஆகவே யாரும் யாரோடும் முட்டிக்கொள்வது இல்லை.

12 கட்டங்கள்

இத்தகைய வரிசைகளில் மிகவும் எளியது 'புளூஸ்'. இதில் 12 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் 4 தட்டு. ஆக மொத்தம் 48 தட்டு.

முதல் 4 கட்டம் 'ச' கூட்டு. அடுத்த 2 கட்டம் 'ம' கூட்டு. மறுபடி 2 கட்டம் 'ச' கூட்டு. பிறகு 'ப' கூட்டு ஒரு கட்டம், 'ம' கூட்டு ஒரு கட்டம். கடைசி 2 கட்டம் 'ச' கூட்டு. இதோடு ஒரு சுற்று முடிந்தது. உடனே அடுத்த சுற்று.

இதற்குள் சில்லறை மாற்றங்கள் பல உண்டு. ஆனால் அடிப்படை இவ்வளவுதான். கணக்கில்லாத பாட்டுகள் இந்த 12 கட்டத்துக்குள் பிறந்திருக்கின்றன!

32 கட்ட வரிசையும் உண்டு. ஜார்ஜ் கெர்ஷ்வின் என்ற இசையமைப்பாளர் 1930-ல் 'ஐ காட் ரிதம்' என்ற பாட்டுக்கு இசை அமைத்தார். அந்தப் பாட்டின் எலும்புக்கூட்டை ஜாஸ் கலைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதன் மேல் வேறு வேறு மெட்டுகள் போட்டார்கள். டியூக் எலிங்டனின் 'காட்டன் டெயில்' அப்படி வந்தது. சன்னி ராலின்ஸின் 'ஓலியோ' அப்படி வந்தது. ஒரே வரிசையில் நூற்றுக்கணக்கான வீடுகள் கட்டிவிட்டார்கள்!

ஆகவே, ஆயிரம் பாட்டைக் கற்கத் தேவை இல்லை. அடிக்கடி வரும் சில வரிசைகள் கைவசப்பட்டால் போதும். பல பாட்டுகள் தாமாகவே வசப்படும்.

ஒரு படி இறங்கினால்...

ஜாஸ் இசையில் அடிக்கடி வருவது மூன்று கூட்டுகள் கொண்ட ஒரு சிறு வரிசை. 'ரி' கூட்டு, 'ப' கூட்டு, பிறகு 'ச' கூட்டு. வெளியூர் போனவன் வீடு திரும்புவது போல இது 'ச'-வில் வந்து நிற்கும்.

ஜாஸ் கலைஞர்கள் ஒரு கூட்டுக்குப் பெரும்பாலும் நான்கு சுரங்கள் வைப்பார்கள். முதல் கூட்டில் ரி, ம, த, ச. இரண்டாவதில் ப, நி, ரி, ம. மூன்றாவதில் ச, க, ப, நி.

உற்றுப் பாருங்கள். முதல் கூட்டில் உள்ள 'ச', இரண்டாவது கூட்டு வரும்போது ஒரு படி இறங்கி 'நி' ஆகிறது. இரண்டாவது கூட்டில் உள்ள 'ம', மூன்றாவது கூட்டு வரும்போது ஒரு படி இறங்கி 'க' ஆகிறது.

கிட்டாரில் இது விரலை ஒரே ஒரு படி நகர்த்தும் வேலை. ஆனால் பலன் பெரிது. கூட்டு மாறும் அதே நொடியில் அந்தச் சுரத்தில் போய் நின்றால், பின்னணியே இல்லாவிட்டாலும் கூட்டு மாறியது காதுக்குத் தெரியும். இந்த இடங்கள் தெரிந்துவிட்டால் வழி தவறாது. நடுவில் எப்படி வேண்டுமானாலும் வளைந்து போகலாம்.

சார்லியின் மெட்டுகளில் இவை எல்லாம் இருந்தன. வெஸ் அவற்றை மனப்பாடமாக மட்டும் வைத்திருந்தார். அந்த மெட்டு ஏன் அந்த இடத்தில் அப்படித் திரும்பியது என்று புரிந்தபோதுதான் சொந்த மெட்டு பிறக்கும். புத்தகம் இல்லாமல், காதாலேயே அதைக் கண்டுபிடிக்க அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

விடியும் வரை வாசிப்பு

1948 முதல் 1950 வரை லயனல் ஹாம்ப்டன் என்பவரின் பெரிய குழுவோடு வெஸ் ஊர் ஊராகச் சுற்றினார். பிறகு இண்டியானாபொலிசுக்கே திரும்பினார். ஏழு குழந்தைகள் கொண்ட குடும்பம். இசையை மட்டும் நம்பி இருக்க முடியவில்லை.

பகலில் தொழிற்சாலை வேலை. இரவில் 'டர்ஃப் பார்' என்ற விடுதியில் வாசிப்பு. நள்ளிரவு தாண்டியதும் 'மிசைல் ரூம்' என்ற இன்னொரு விடுதி. அங்கிருந்து புறப்படும்போது விடியும் நேரம் ஆகிவிடும். மறுபடியும் தொழிற்சாலை!

இப்படியே பல ஆண்டுகள். இரவுக்கு இரவு அதே வரிசைகள். ஒவ்வோர் இரவும் வேறு வேறு மெட்டுகள்.

அவருக்கென்று ஒரு பாணி உருவாயிற்று. முதலில் ஒற்றைச் சுரங்களாக வாசிப்பார். சில சுற்றுகள் ஆனதும் கீழ் 'ச', மேல் 'ச' என்பது போல் ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியிலும் சேர்த்து வாசிப்பார். கடைசியில் முழுக் கூட்டுகளாலேயே மெட்டு அமைப்பார். இவ்வளவும் கட்டை விரலால்!

1959-ல் கேனன்பால் ஆடர்லி என்ற புகழ் பெற்ற சாக்ஸபோன் கலைஞர் அந்த ஊருக்கு வந்தார். வெஸ் வாசிப்பதைக் கேட்டுப் பிரமித்தார். நியூயார்க்கில் இருந்த 'ரிவர்சைடு' இசைத்தட்டுக் கம்பெனிக்குச் செய்தி போயிற்று. கம்பெனியின் தயாரிப்பாளர் ஆரின் கீப்நியூஸ் நேரில் வந்து கேட்டார். ஒப்பந்தம் ஆயிற்று.

1960-ல் 'தி இன்கிரெடிபிள் ஜாஸ் கிட்டார்' என்ற இசைத்தட்டு வெளிவந்தது. 36 வயது வரை உள்ளூரில் கிடந்தவரை உலகம் தெரிந்துகொண்டது. 1967-ல் அவருக்குக் கிராமி பரிசும் கிடைத்தது.

ஆனால் அதை நீண்ட நாள் அனுபவிக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1968-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி மாரடைப்பால் இறந்தார். வயது 45.

தன் தட்டே தனக்குக் குரு

சார்லியின் தட்டு வெஸ்ஸுக்கு வாத்தியார் ஆனது. வெஸ்ஸின் தட்டுகள் பல வாலிபர்களுக்கு வாத்தியார் ஆயின. அவர்களில் ஒருவர் பிலடெல்பியா நகரத்துப் பாட் மார்ட்டினோ.

இவர் கதை இன்னும் அதிசயம். இளம் வயதிலேயே கிட்டாரில் பெரும் புகழ் பெற்றார். 1980-ல் மூளையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் நினைவு போய்விட்டது. கிட்டார் வாசிப்பும் மறந்துவிட்டது!

என்ன செய்வது? தாம் முன்பு வாசித்த இசைத்தட்டுகளையே போட்டுக் கேட்டார். தம்மிடமே மாணவனாகச் சேர்ந்தார். சிறுகச் சிறுகக் கற்றார். 1987-ல் மீண்டும் மேடை ஏறினார். 2021-ல் இறக்கும்வரை ஜாஸ் உலகில் அவருக்குத் தனி இடம் இருந்தது.

கற்க விரும்புவோருக்கு

இந்தக் கலையைக் கற்க விரும்புகிறவர்கள் 12 கட்டப் புளூஸில் தொடங்கலாம். முதலில் கூட்டுகளை மட்டும், தாளம் தவறாமல் மீட்டிப் பழக வேண்டும். கட்டத்தை எண்ணாமலே எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கூட்டில் உள்ள சுரங்களை மட்டும் வைத்து மெட்டுக் கட்டலாம். வேகம் வேண்டாம். வாயால் பாடிப் பார்த்துவிட்டு விரலால் தேடுவது நல்லது. பாட முடியாததை விரல் வாசித்தால் அது வெறும் விரல் பழக்கம்தான்.

மூன்றாவதாக, நல்ல கலைஞர் ஒருவரின் வாசிப்பில் இரண்டு கட்டத்தைக் காதால் கேட்டுப் பிடிக்க வேண்டும். வெஸ் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்தார். இன்று கைபேசியிலேயே சுருதி மாறாமல் வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம். பிடித்த மெட்டை வேறு சுருதிகளிலும் வாசிக்க வேண்டும். பிறகு அதன் தொடக்கத்தையோ முடிவையோ மாற்றிப் பார்க்க வேண்டும். சொந்தப் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

இடையே மௌனமும் வேண்டும். மூச்சு விடாமல் பேசுகிறவர் பேச்சை யார் கேட்பார்கள்?

முதல் நாளில் நான்கு கட்டம் வந்தால் போதும். மீதி எட்டும் தினம் உட்கார்ந்தால் வரும்.