துப்பாக்கிக்குப் புதுக் குழலா? இடைவெளியைக் கவனியுங்கள்

உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி சில விவசாயக் குடும்பங்களில் தலைமுறையாக இருந்து வருகிறது. துருவால் உட்புறம் அரித்துவிட்டால் புதுக் குழல் பொருத்த நேரிடும். வேறொரு துப்பாக்கியின் பழைய குழலை மாட்டி, அது மூடிக்கொண்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. மூடுவது மட்டும் போதாது. உள்ளே இருக்கும் இடைவெளி சரியாக இருக்க வேண்டும்.

இடைவெளி என்பது எது?

மடக்கித் திறக்கும் துப்பாக்கியில் தோட்டாவின் விளிம்பு, குழலின் பின்முனையில் வெட்டியுள்ள பள்ளத்தில் அமர்கிறது. மூடியதும் அதன் பின்னால் இரும்புச் சுவர் வந்து நிற்கிறது. பள்ளத்தின் அடிக்கும் இந்தச் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தையே துப்பாக்கிப் பட்டறைக்காரர்கள் 'ஹெட்ஸ்பேஸ்' என்கிறார்கள். வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு இது பொருந்தாது.

வண்டிச் சக்கரம் அச்சில் இறுகினால் சுழலாது, தளர்ந்தால் ஆடும். இதுவும் அப்படித்தான். ஆனால் இங்கே அளவு மிக நுட்பமானது. முன்பு இராணுவத்தில் இருந்த .303 ரைபிளில் இந்த இடைவெளி 0.064 அங்குலத்துக்குக் குறையாமலும் 0.074 அங்குலத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தான்.

தவறினால் என்ன ஆகும்?

இடைவெளி குறைந்தால் துப்பாக்கி முழுவதும் மூடாது. பலவந்தமாக மூடினால் தாழும் கீல் ஆணியும் தேயும். தாழ் சரியாக விழாத நிலையில் வெடிப்பது ஆபத்து.

இடைவெளி அதிகமானால் ஊசி சரியாகத் தட்டாமல் தோட்டா வெடிக்காமல் போகலாம். வெடித்தாலோ, தோட்டாக் கூட்டின் முன்பகுதி குழலைப் பற்றிக்கொள்ள, அடிப்பகுதி பின்னால் தள்ளப்படுகிறது. ரைபிளின் பித்தளைக் கூடு அடிப்பாகத்தருகே இழுபட்டு, மெலிந்து, கிழியும். சூடான வாயு சுடுபவரின் கண்ணையும் கையையும் தாக்கும். 12 போர் தோட்டாவில் அழுத்தம் ரைபிளைவிடக் குறைவு என்றாலும் அலட்சியம் கூடாது.

நல்ல பட்டறையில் செய்யும் முறை

முதலில் குழலின் பின்முகத்தில் விளக்குக் கரி பூசி, மூடித் திறந்து பார்ப்பார்கள். கரி படிந்த இடம் எங்கே இடிக்கிறது என்று காட்டும். அங்கே மட்டும் மெல்ல அராவுவார்கள். விளிம்புப் பள்ளத்தையும் சிறிது சிறிதாகவே வெட்டுவார்கள். கூடுதலாக வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

பிறகு இரண்டு கேஜ்களை வைத்துச் சோதிப்பார்கள். குறைந்த அளவு கேஜின் மீது துப்பாக்கி தடையின்றி மூட வேண்டும். அதிக அளவு கேஜின் மீது மூடக் கூடாது. இந்த இரண்டு சோதனைகளையும் தம் கண்முன்னே செய்து காட்டும்படி விவசாயிகள் கேட்க வேண்டும். காலித் தோட்டாவை வைத்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. தோட்டாவுக்குத் தோட்டா விளிம்பின் கனம் சற்று மாறும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தோட்டா இல்லை என்று இருமுறை உறுதி செய்துகொண்ட பிறகே பார்க்க வேண்டும்.

1. மூடிய துப்பாக்கியை அசைத்தால் குழல் ஆடுகிறதா?
2. குழலுக்கும் பின்சுவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா?
3. சுட்ட தோட்டாவின் கேப் அடிமட்டத்துக்கு மேல் துருத்தி நிற்கிறதா?
4. பித்தளைக் கூட்டின் அடிப்பாகத்தருகே பளபளப்பான வளையமோ கீறலோ தெரிகிறதா?

இவற்றில் ஒன்று தென்பட்டாலும் சுடுவதை நிறுத்திவிட வேண்டும். தகரமோ காகிதமோ வைத்து இடைவெளியை அடைக்கக் கூடாது.

சட்டம்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, அதற்கென உரிமம் பெற்றவரே துப்பாக்கியைப் பழுது பார்க்கலாம். ஊர்க் கொல்லரிடம் கொடுப்பது குற்றமாகும். குழல் மாற்றும் முன் உரிமம் வழங்கிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. துப்பாக்கி உரிமம் இருப்பதாலேயே காட்டு விலங்குகளைச் சுட்டுவிட முடியாது. அது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது.

மலிவாகக் கிடைத்த குழலால் மிச்சமாகும் பணம், பறிபோன ஒரு கண்ணுக்கு ஈடாகாது. அளந்து பார்க்காத குழலில் தோட்டா போடாமல் இருப்பதே பாதுகாப்பு.