டி-ஷர்ட் பீரங்கிக்குப் பரீட்சை

அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் ரோபோ எவ்வளவு தூரம் சுடும் என்பதைவிட முக்கியமானவை, பெரியவர்கள் எழுப்பும் கேள்விகள்

கால்பந்து ஆட்டத்தின் இடைவேளை. மைதானத்துக்குள் உருண்டு வரும் ரோபோ ஒன்று குழாயை நிமிர்த்துகிறது. ‘டப்’ என்று ஒரு சத்தம். சுருட்டிக் கட்டிய டி-ஷர்ட் பறந்துபோய்ப் பார்வையாளர் வரிசையில் விழ, அதைப் பிடிக்கத் தள்ளுமுள்ளு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பழகிப்போன காட்சி இது. ரோபோவைக் கட்டியவர்களும் மாணவர்களே.

இந்த ஆர்வத்துக்கு வித்திட்டது, கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989ல் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பு. அதன் முதல் ரோபோ போட்டி 1992ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. போட்டிப் பருவம் முடிந்ததும், ஊர்வலங்களுக்காகவும் நிதி திரட்டவும் பல அணிகள் டி-ஷர்ட் பீரங்கி கட்டுகின்றன. போட்டி ரோபோவை அதிகாரிகள் சோதித்த பிறகே களத்தில் இறக்குவார்கள். பீரங்கிக்கு அந்தச் சோதனை கிடையாது. எனவே வரைபடத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் பொறியாளர்கள்தான் பெரிய கடிவாளம்.

இயங்கும் விதம் எளிது. தொட்டியில் அழுத்தக் காற்று. மின்வால்வு திறந்ததும் அது குழாய்க்குள் பாய்ந்து சட்டையைத் தள்ளும். சட்டை நாலடியில் விழுந்துவிட்டால் மாணவர்களுக்குத் தோன்றும் முதல் வைத்தியம், அழுத்தத்தைக் கூட்டுவது. அனுபவசாலிகள் குறுக்கிடுவது இங்கேதான். பெரும்பாலும் கோளாறு அழுத்தத்தில் இல்லை. வால்வின் வாய் சிறியது. காற்று இடுக்கு வழியாக நிதானமாக வந்தால் உந்துதல் கிடைக்காது. வால்வைப் பெரிதாக்கி, தொட்டியைக் குழாய்க்கு அருகே நகர்த்தினால் குறைந்த அழுத்தமே போதும்.

அடுத்த கேள்விகள் இன்னும் கறாரானவை. பாட்டரி செத்தால் வால்வு மூடியே இருக்குமா? மிகை அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு எங்கே? குழாய் யார் முகத்துக்கும் நேராகத் தாழாமலிருக்கத் தடை உண்டா? ஆறு குழாய்களை உச்சியில் அடுக்கினால், திரும்பும்போது ரோபோ கவிழாதா?

கேள்விகள் வீண் பயமல்ல. ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரில் 2000ல் ஒரு பாத்திரம் டி-ஷர்ட் பீரங்கியால் இறந்தது கற்பனை. ஆனால் 2018ல் ஹூஸ்டன் பேஸ்பால் மைதானத்தில் பறந்து வந்த சட்டை தன் விரலை முறித்ததாக ஒரு பெண் அடுத்த ஆண்டு வழக்குப் போட்டது நிஜம்.

ஆலோசகருக்குத் தர்மசங்கடம் உண்டு. அவரே திருத்தி வரைந்து கொடுத்தால் ரோபோ தேறும். மாணவர் கற்பது நின்றுபோகும். அதனால் நல்ல ஆலோசகர் விடையைச் சொல்வதில்லை, கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். ஒரு விஷயத்தில் மட்டும் விதிவிலக்கு: மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. குழாயில் செய்த காற்றுத் தொட்டி. தண்ணீர் அமுங்காது, குழாய் விரிந்தால் கசிவதோடு சரி. அமுங்கிய காற்றோ சேர்த்து வைத்த சக்தி. வெடித்தால் பிளாஸ்டிக் சில்லுகள் கத்தியாகப் பாயும். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்புத் துறை 1988லேயே இதை எச்சரித்துவிட்டது. இங்கே கேள்விக்கு இடமில்லை. ‘கூடாது’ என்பதே பதில்.

மற்றதை மாணவர்கள் தப்புச் செய்தே கற்கலாம். முதல் பத்துச் சட்டைகள் காலடியிலேயே விழுந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.