விதையும் கதையும்

“சுரை விதை போட்டால் அவரை முளைக்குமா?” என்பது பழமொழி. எதை விதைக்கிறோமோ அதுவே விளையும் என்பது இதன் கருத்து. ஆனால், இன்று கடையில் வாங்கிய காயின் விதையை நட்டால், அதே போன்ற காய் கிடைக்கும் என்று உறுதியாகக் கூற இயலாது. இதற்குக் காரணம் என்ன?

ஒரு குடும்பமோ ஊரோ தலைமுறை தலைமுறையாக விதைத்து, விளைந்ததிலிருந்து மீண்டும் எடுத்து வைக்கும் விதைகள் நாட்டு விதைகள் எனப்படும். இவற்றிலிருந்து வளரும் செடி தாய்ச்செடியை ஒத்திருக்கும். கலப்பின விதைகளோ இரு வேறு வகைகளைச் சேர்த்து உருவாக்கப்படுபவை. அவை முதல் தலைமுறையில் சீராக விளையும். ஆனால், அக்காய்களின் விதைகளை நட்டால் செடிகள் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. ஆகவே, ஒவ்வொரு முறையும் விதையை விலை கொடுத்து வாங்க வேண்டியுள்ளது.

ஒரு காலத்தில் சிலாங்கூரின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள், லயத்து வீடுகளின் அருகே அவரை, பாகல், கத்திரி, முருங்கை முதலியவற்றைப் பயிரிட்டனர். பின்னர், தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறின. அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்குக் கொல்லை இல்லாமல் போயிற்று. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்சிலும் இக்காய்களை இன்றும் வாங்கலாம். எனினும், பாட்டி எடுத்து வைத்த விதையைக் கடையில் வாங்க முடியாது. சில ஆண்டுகள் விதைக்காமல் விட்டால் விதை முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். வேறெவரிடமும் அது இல்லையென்றால் அந்த வகையே மறைந்துவிடும்.

விதை சேகரிப்பதற்கு அவரை மிகவும் எளியது. அதில் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கையே நடைபெறும். நோயற்ற கொடியில் நன்கு திரண்ட காய்களைப் பறிக்காமல், கொடியிலேயே காயவிட்டு விதை எடுக்கலாம். பாகலில் தேனீக்கள் ஒரு வகையின் மகரந்தத்தை மற்றொரு வகைக்குக் கொண்டு சென்றுவிடும். எனவே, மலரவிருக்கும் ஆண், பெண் பூக்களை முதல் நாள் மாலையிலேயே தாள் உறையால் மூடுவர். மறுநாள் காலையில் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் தடவி, மீண்டும் மூடி, அடையாளமாக நூல் கட்டுவர்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று விதைக்குப் பெரும்பகை. விதையின் ஈரப்பதம் 1 விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது விதை அறிவியலின் பொதுவிதி. எனவே, விதைகளை நிழலில் நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் வைக்க வேண்டும். வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே வைத்தால், அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நடுவதற்கு முன் 10 விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்துச் சோதிக்கலாம். அவற்றில் 8 முளைத்தால் விதை நன்றாக உள்ளது எனலாம்.

ஆயினும், புட்டியில் பூட்டி வைப்பதால் மட்டும் விதை வாழ்வதில்லை. பலர் கைகளுக்குச் சென்றால்தான் வாழும். தமிழ்நாட்டின் நெல் ஜெயராமன் இதனை நன்கு உணர்ந்திருந்தார். திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள ஆதிரெங்கத்தில் அவர் நெல் திருவிழாக்களை நடத்தினார். உழவர் ஒருவருக்கு 2 கிலோ பாரம்பரிய நெல் விதை வழங்கப்படும். அவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இவ்வாறு பெருகிய விதை அடுத்த உழவருக்குச் சென்றது. 2018ஆம் ஆண்டு மறைவதற்குள் அவர் 174 நெல் வகைகளை மீட்டெடுத்தார்.

அடுக்குமாடி வீட்டின் மாடத்திலும் ஒரு பூந்தொட்டியில் அவரைக்கொடி வளர்க்கலாம். அதன் விதைப்புட்டியில் காயின் பெயர், எடுத்த நாள், கொடுத்தவர் பெயர், சமைக்கும் முறை ஆகியவற்றை எழுதி ஒட்ட வேண்டும். விதை முளைத்தால் செடி திரும்ப வரும்; அதன் கதையைச் சொல்லத் தெரிந்தவர் மறைந்துவிட்டால் கதை திரும்ப வராது. ஆகவே, பாட்டி, தாத்தாவிடம் கேட்டு எழுதிக்கொள்வதும் விதை சேகரிப்பின் ஒரு பகுதியே ஆகும்.