ஒரு அங்குலத்துக்கு ஒரு மணி நேரம்

ஐஸ் குச்சி ஒன்றை எடுத்து, இரண்டு முனைகளையும் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். கொஞ்ச தூரம் இணங்கும். அதற்கு மேல் அழுத்தினால் ‘படக்’! உடைந்த இடத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கத்து இழைகள் அறுந்து, சிராய் சிராயாக நீட்டிக்கொண்டிருக்கும். உட்பக்கம் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

வெளிப்பக்கம் மட்டும் ஏன் அறுந்தது? பென்சில் அழிக்கும் ரப்பரின் பக்கவாட்டில், பேனாவால் நெருக்கமாக நேர்க்கோடுகள் போட்டு, ரப்பரை வளையுங்கள். வெளிப்பக்கத்தில் கோடுகள் விலகும், உட்பக்கத்தில் நெருங்கும். எந்தப் பொருளை வளைத்தாலும் இதுதான் நடக்கும்: வெளிப்பக்கம் நீள வேண்டும், உட்பக்கம் குறுக வேண்டும். ரப்பருக்கு இரண்டும் எளிது. காய்ந்த மரத்துக்கு இரண்டுமே கஷ்டம்.

ஆனால் சில அரங்குகளில் மரச் சட்டங்கள் சுவரோடு ஏறி, அப்படியே கூரைக்கு வளைந்து, அலைபோல ஓடுவதைப் பார்க்கலாம். நம் ஊர்த் தச்சர்கள் ‘ரீப்பர்’ என்று சொல்வார்களே, அந்த மாதிரி நீளச் சட்டங்கள்தாம். பெரிய கட்டையிலிருந்து வளைவாக அறுத்து எடுத்தால் பாதி மரம் வீணாகும். அதைவிட மோசம், இழைகள் வழியிலேயே வெட்டுப்பட்டுப் போகும். அங்கே சட்டம் சுலபமாக உடையும். அதனால் தச்சர்கள் மரத்தை ஆவியில் வேகவைக்கிறார்கள். ஆமாம், இட்லி மாதிரியே!

வெந்தால் மரத்துக்குள் என்ன ஆகிறது? ஈர்க்குச்சிகளைக் கட்டாகச் சேர்த்து, வெல்லப்பாகில் முக்கி ஆறவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆறிய கட்டு விறைப்பாக நிற்கும். சூடுபடுத்தினால் பாகு இளகும்; குச்சிகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவும். அப்போது வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் வளைவு அப்படியே நின்றுவிடும். மரத்தில் ஈர்க்குச்சிகள் இருக்கும் இடத்தில் செல்லுலோஸ் இழைகள். பாகு இருக்கும் இடத்தில் லிக்னின் என்ற பொருள். ஈரமும் ஏறக்குறைய 100 டிகிரி சூடும் சேர்ந்தால் லிக்னின் இளகும். ஈரம் இல்லாமல் அதே அளவு சூடு மட்டும் கொடுத்தால் போதாது. அதனால்தான் அடுப்பில் வாட்டாமல் ஆவியில் வைக்கிறார்கள்.

இதற்கு நீளமான மரப்பெட்டி ஒன்று போதும். ஒரு பக்கம் கொதிகலனிலிருந்து ஆவி நுழையும். சட்டம் ஒரு அங்குலக் கனம் என்றால் சுமார் ஒரு மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும். வெளியே எடுத்த பிறகுதான் பரபரப்பு! ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள் மரம் ஆறி மறுபடி விறைத்துவிடும். தடித்த கையுறை போட்ட இரண்டு மூன்று பேர் ஓடிவந்து, சட்டத்தை வளைந்த அச்சின்மேல் அழுத்தி கிளாம்பு போட்டு இறுக்குவார்கள். எல்லா மரமும் இதற்கு ஒத்துவராது. பீச், ஓக், ஆஷ் மரங்கள் நன்றாக வளையும். சூளையில் வைத்து ஒட்ட உலர்த்திய பலகை அடம் பிடிக்கும். நடுவில் கணு இருந்தால் அங்கேயே முறியும்.

இவ்வளவு செய்தும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. வெந்த மரம் நன்றாகக் குறுகும், ஆனால் நீளாது! ஒரு மீட்டர் பீச் சட்டத்தை இழுத்தால் 2 சென்டிமீட்டர் நீள்வதே பெரிது. நெருக்கினாலோ 20 சென்டிமீட்டருக்கு மேல்கூடக் குறுகும். இதை மைக்கேல் தோனெட் சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்டார். ஜெர்மனியில் 1796-இல் பிறந்து, ஆஸ்திரியாவின் வியன்னாவில் தொழில் நடத்திய தச்சர் அவர். சட்டத்தின் வெளிப்பக்கத்தில் இரும்புப் பட்டை ஒன்றை வைத்து, இரண்டு முனைகளிலும் அசையாமல் பிடித்துக்கட்டி, பிறகு வளைத்தார். இரும்பு நீளாது, அதனால் மரமும் நீள முடியாது. உட்பக்கம் குறுகிக் குறுகியே வளைவு முழுவதும் வந்துவிட்டது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் வியப்பாக இருக்கும். மரத்தால் முடியாததை அதனிடம் கேட்காமல், முடிந்ததை மட்டும் கேட்டாரே! இந்த முறையில் 1859-இல் அவர் செய்த நாற்காலிக்கு ஆறு மரத்துண்டுகளும் பத்துத் திருகாணிகளும் இரண்டு நட்டுகளும் போதுமாக இருந்தன. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்றது அது.

சரி, கூரையை எதற்காக வளைக்க வேண்டும்? அழகுக்காக மட்டும் இல்லை. பின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்ட்டோ வீபுரி நகர நூலகத்தில், மெல்லிய மரச் சட்டங்களால் அலைபோன்ற கூரை அமைத்தார். 1935-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் இன்று ரஷ்யாவில் இருக்கிறது. கூட்ட அறையின் எந்த மூலையிலிருந்து ஒருவர் பேசினாலும் மற்றவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கூரையின் அலைகள் பேச்சொலியை அறை முழுவதும் திருப்பி அனுப்பும். மெல்லிய சட்டமோ அகலமான வளைவோ என்றால் ஆவியில்லாமலே சமாளிக்கலாம். கனம் கூடி, வளைவும் இறுகும்போதுதான் ஆவிப்பெட்டி வேண்டும்.

நீங்களும் செய்து பார்க்கலாம். ஐஸ் குச்சிகளை ஓர் இரவு தண்ணீரில் ஊறவிடுங்கள். மறுநாள் அம்மாவையோ அப்பாவையோ துணைக்கு வைத்துக்கொண்டு, அரை மணி நேரத்துக்குமேல் கொதிக்கவிடுங்கள். பெரியவர்கள் இடுக்கியால் எடுத்துக் கொடுத்ததும், கை பொறுக்கும் சூட்டில் மெல்ல வளைத்து, டம்ளரின் உள்சுவரை ஒட்டினாற்போல் வையுங்கள். நான் முதலில் செய்தபோது ஐந்தில் இரண்டு உடைந்தன, அவசரம்தான் காரணம். இரண்டு நாள் காயவிட்டு வெளியே எடுங்கள். குச்சி வளைந்தே இருக்கும், ஆனால் டம்ளரில் இருந்ததைவிடக் கொஞ்சம் விரிந்திருக்கும். தச்சர்களுக்கும் இது தெரியும். கூரைக்கு வேண்டிய வளைவைவிடச் சற்று இறுக்கமாகவே அவர்கள் அச்சைச் செய்வது அதனால்தான்.